வெயில் விழும் அறை: ஆயில் ஓவிய நாட்குறிப்பு

பிப்ரவரி 4
கேன்வாஸ் 40 × 50 செ.மீ. ஜன்னல், வெள்ளைச் சுவர், மர நாற்காலி, தரையில் ஒரு துண்டு வெயில். கறுப்பை 1, வெள்ளையை 10 என்று வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், வெயில் படாத வெள்ளைச் சுவர் 6-ஐத் தாண்டாது. ஜன்னல் இருக்கும் சுவர் இன்னும் இருட்டு, 4. 10 என்ற உச்ச வெளிச்சம் வெயிலுக்கு மட்டும். சுவருக்கே அதைச் செலவழித்துவிட்டால் வெயிலுக்குக் கையில் எதுவும் மிஞ்சாது.

பிப்ரவரி 5
சூரியன் மணிக்கு 15 பாகை நகரும். வெயில் எல்லையைப் பத்து நிமிடத்துக்குள் வரைந்துவிட வேண்டும். அதன்பின் மாற்றக் கூடாது. மாற்றினால் நிழல்கள் ஆளுக்கொரு திசையில் நிற்கும். அடிப்பூச்சு: டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு). மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். ஒளி வேண்டிய இடத்தைத் துணியால் துடைத்து எடுத்தாயிற்று.

பிப்ரவரி 8
இன்று முழுக்க நிழலின் விளிம்புதான். வானத்தில் சூரிய வட்டத்தின் அகலம் அரைப் பாகை. அதனால் பொருளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு சுமார் 1 செ.மீ. கலங்கும். நாற்காலிக் கால் தரையைத் தொடும் இடத்தில் கோடு கூர்மை, போகப் போக மங்கல். 12 மி.மீ. ஜன்னல் கம்பியின் நிழல் 2 மீட்டர் தள்ளி விழுந்தால் அதற்கு முழு இருட்டே கிடையாது. அதை அழுத்தமான பட்டையாகத் தீட்டுவதுதான் பெரும்பாலான அறைக் காட்சிகளைக் கெடுக்கிறது.

வெயிலுக்கு டைட்டானியம் வைட்டில் துளி யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). நிழலுக்கு அல்ட்ராமெரின் நீலமும் பர்ன்ட் அம்பரும். கறுப்பு ட்யூப் வேண்டாம், நிழல் செத்துவிடும்.

பிப்ரவரி 13
சுவரின் சொரசொரப்பு, வெளிச்சம் சாய்வாக உரசிப் போகும் இடத்தில்தான் தெரியும். நேர் வெயிலிலும் கனத்த இருட்டிலும் தேடிப் பிடித்துத் தீட்ட வேண்டாம். வெயிலில் பேலட் நைஃபால் (வண்ணம் பூசும் தட்டைக் கத்தி) தடிமனாக, நிழலில் மெல்லிசாக. இருட்டில் தடிமன் வைத்தால் அதன் மேடுகள் அறை விளக்கில் மினுங்கும். நாற்காலிக்கு உலர்ந்த பிரஷ், மர ரேகைப் போக்கிலேயே. கீழ்ப் பூச்சு காய்ந்திருக்க வேண்டும், இல்லையேல் நிறங்கள் கலந்து சேறுதான்.

பிப்ரவரி 24
மெல்லிய நிழல் பகுதிகள் காய்ந்துவிட்டன. மூலைக்கு மட்டும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கூட்டிய ஒரு கிளேஸ், அதாவது அடியிலுள்ளது ஊடே தெரியும் மெல்லிய பூச்சு. பூச்சுக்கு மேல் பூச்சாகப் போகப் போக எண்ணெய் கூட வேண்டும், தலைகீழானால் பூச்சு வெடித்து விரிசல் விடும். மங்கித் திட்டான இடத்தில் துளி எண்ணெய் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாயிற்று. வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகு, தடித்த வெள்ளை உள்ளே காய்ந்திருந்தால்.