தோரன்ஸ் டிடி 160: ஸ்பிரிங் ஒருவழியாகப் படிந்தது

என் டிடி 160 ரெக்கார்டு பிளேயரின் பிளாட்டரை (ரெக்கார்டு சுழலும் தட்டு) விரலால் லேசாக அழுத்திவிட்டால் இப்போது நேர்செங்குத்தாக மேலும் கீழும் ஆடி, சீராக அடங்குகிறது. பக்கவாட்டு நெளிவு துளிகூட இல்லை. பழைய டிடி 160 வாங்கியவர்களில் பலர் பெல்ட்டையும் கார்ட்ரிட்ஜையும் (ஊசி உள்ள பகுதி) மாற்றிவிட்டு ஸ்பிரிங்கைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். இந்த டேபிளின் பாதி ஒலி இங்கேதான் இருக்கிறது.

பேரிங் சுத்தம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பழைய எண்ணெயை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, சில சொட்டு புது எண்ணெய் விட்டு, உள் பிளாட்டரை அதன் எடையிலேயே இறங்க விடுங்கள். மெதுவாக இறங்கினால் பேரிங் நல்ல நிலையில் இருக்கிறது.

இனி ஸ்பிரிங். மோட்டார் மேல்தகட்டில் இருக்கிறது. பிளாட்டரும் டோன்ஆர்மும் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) சப்சேஸிஸில் (உள்சட்டம்), மூன்று கூம்பு ஸ்பிரிங் மேல் மிதக்கின்றன. சப்சேஸிஸ் பக்கவாட்டில் அசைந்தால் மோட்டாரின் புல்லிக்கும் பிளாட்டருக்கும் உள்ள தூரம் மாறும், பெல்ட்டின் இழுப்பு மாறும், வேகம் தள்ளாடும். நாதஸ்வரத்தில் நீண்ட கார்வை வரும் இடத்தில் காது உடனே பிடித்துவிடும்.

அடிப்பலகையைக் கழற்றி, கை நுழையும் உயரத்துக்கு நான்கு மூலையிலும் மரக்கட்டை கொடுத்து, முதலில் பெட்டியை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். பிளாட்டர், மேட், ஒரு ரெக்கார்டு, பெல்ட், கார்ட்ரிட்ஜ், கவுண்டர்வெயிட் எல்லாம் இடத்தில் இருக்க வேண்டும். வெறும் சேஸிஸில் சரிசெய்தது மூன்று கிலோவுக்கு மேல் எடை ஏறியதும் வீண். ஸ்பிரிங்கின் நட்டை ஏற்றினால் அந்தப் பக்கம் உயரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். டோன்ஆர்ம் பொருந்தியுள்ள ஆர்ம்போர்டைச் சுற்றியுள்ள இடைவெளி நாலு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

மட்டம் வந்த பிறகும் நெளிந்தால் நட்டைத் திருகிப் பயனில்லை. ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள் ஒரு பக்கமாக முடிவதால் அது அந்தப் பக்கம் தள்ளும். ஸ்பிரிங்கையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, அந்தத் தள்ளல் பெல்ட் இழுப்புக்கு எதிராக அமையும் இடத்தைத் தேட வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை இதுதான்.

அதற்கும் மசியாவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் ஒயர்தான். முன்பு வைத்திருந்தவர் தடித்த ஆர்சிஏ கேபிளை நேராக டோன்ஆர்ம் அடியில் சால்டர் செய்திருந்தால், அது நாலாவது ஸ்பிரிங் போல நின்று தள்ளும். அதை எடுத்துவிட்டு மெல்லிய, துவளும் ஒயரை ஒரு தளர்ந்த வளைவாக விட்டு, பெட்டியின் பின்பக்கத்தில் சாக்கெட் வைத்துவிடுங்கள். அங்கிருந்து எந்தத் தடித்த கேபிள் போட்டாலும் சேஸிஸுக்குத் தெரியாது. எர்த் ஒயரைத் தனியாகக் கொண்டுபோங்கள். விட்டுப்போனால் ஹம் (உறுமல்) நிச்சயம்.

அமெரிக்காவிலிருந்து வந்த டேபிள் என்றால் மோட்டாரை 220 வோல்ட்டுக்கு மாற்றுவது மட்டும் போதாது, புல்லியையும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் புல்லி நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 33⅓ சுற்று 28-க்குக் கீழே போய்விடும். வேகம் பார்க்க ஃபோனைப் பிளாட்டர் மேல் வைக்கும் ஆப் இந்த டேபிளுக்கு ஆகாது. மையம் விலகிய எடையில் சேஸிஸ் சாய்ந்துவிடும். 3150 ஹெர்ட்ஸ் டோன் உள்ள டெஸ்ட் ரெக்கார்டே நம்பகம். பெல்ட்டில் மலிவைத் தேடாதீர்கள். தடிமன் சீராக இல்லாத பெல்ட் போட்டால் இத்தனை உழைப்பும் பாழ்.

அடுத்தது கார்ட்ரிட்ஜ். முதல் மாடலின் டிபி 16 டோன்ஆர்ம் 16.5 கிராம் எஃபெக்டிவ் மாஸ் (ஊசி உணரும் எடை), கனமானது. பின்னால் வந்த ஐசோட்ராக் 7.5 கிராம்தான். டிபி 16-இல் 6 கிராம் கார்ட்ரிட்ஜ், கம்ப்ளையன்ஸ் (ஊசியின் நெகிழ்வு) 20 என்றால் ரெசொனன்ஸ் (டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் தானாக அதிரும் வேகம்) ஏழரை ஹெர்ட்ஸுக்கு அருகே விழும். வளைந்த ரெக்கார்டில் ஊசி தத்தளிக்கும். கம்ப்ளையன்ஸ் 10 என்றால் பத்தரை, அருமை. அதனால் என் கண் இருப்பது டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் மேல்: 8.5 கிராம், 2.5 கிராம் அழுத்தம், கம்ப்ளையன்ஸ் 5. அந்த 5 என்பது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. 10 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளலாம். வெளியீடு 0.3 மில்லிவோல்ட்தான் என்பதால் எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜ் வசதியுள்ள ஃபோனோ ஸ்டேஜ் (கார்ட்ரிட்ஜின் சிறு சிக்னலைப் பெருக்கும் கருவி) முதலில் வேண்டும்.