அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் பெயர்கள்

நியூ ஜெர்சியின் ஒரு பொது நூலகத்தில் இசைத்தட்டுப் பிரிவைக் கவனிப்பது என் பணிகளுள் ஒன்று. நூலகப் பொருள்களை எண்ணிட்டு அடுக்கும் டியூயி வகைப்பாட்டில் ஜாஸ் இசைக்கு உரிய எண் 781.65. அந்த எண் ஒட்டிய அலமாரிக்கு முன்னால் யாராவது தயங்கி நின்று, "ஜாஸ் கேட்க ஆசை, எதில் தொடங்குவது?" என்று கேட்டுவிட்டால், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, அண்மையில் எந்தப் பாட்டை மறுபடி மறுபடி கேட்டீர்கள், அதில் எது உங்களைப் பிடித்து நிறுத்தியது என்பதுதான். குரலா, தாளமா, பின்னால் ஓடும் ஏதோ ஒரு வாத்தியமா என்று தெரிந்துவிட்டால் மிச்சம் எளிது.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தொகுப்பை எல்லாப் பட்டியல்களும் முதலில் சொல்கின்றன. 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டே அமர்வுகளில் நியூயார்க்கில் பதிவானது அது. நானும் அதைத் தருகிறேன். ஆனால் வெறுமனே "மகத்தான படைப்பு" என்று சொல்லிக் கையில் திணித்தால் பலருக்கு அது இதமான பின்னணி இசையாகக் கடந்து போய்விடுகிறது. ஆகவே 'சோ வாட்' என்னும் முதல் உருப்படியின் தொடக்கத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுவேன். அங்கே மெட்டைச் சொல்வது டிரம்பெட்டோ சாக்ஸபோனோ இல்லை. தாழ்ந்த ஸ்வரங்களில் ஒலித்து வழக்கமாகப் பின்னால் நிற்கும் பாஸ் வாத்தியம் முன்னே வந்து கேள்வி கேட்பதுபோல் ஒரு வரியை வாசிக்க, மற்றவர்கள் இரண்டு ஸ்வரங்களில் பதில் சொல்கிறார்கள். அந்த உரையாடலைக் காது பிடித்துக்கொண்டால் அடுத்து வரும் ஒவ்வொருவரின் மனோதர்மமும் தானாகத் துலங்கத் தொடங்கும்.

தட்டைத் திருப்பித் தர வரும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றே: யாருடைய வாசிப்பு மனத்தில் நின்றது? "பியானோ" என்று பதில் வந்தால், அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி பில் எவன்ஸ் என்ற பெயரைக் காட்டி, அவருடைய 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யை எடுத்துக் கொடுப்பேன். 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு என்ற சிறிய நிலவறை அரங்கில் பதிவானது அது. முதல் உருப்படியான 'மை ஃபூலிஷ் ஹார்ட்' அத்தனை மெதுவாக நகர்கிறது. ஸ்வரங்களுக்கு இடையே கண்ணாடிக் குவளைகள் மோதும் ஒலியும் பார்வையாளர்களின் பேச்சும் காதில் விழுகின்றன. பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ தாளத்தைத் தாங்கிப் பிடிப்பதோடு நின்றுவிடாமல் பியானோவோடு சரிக்குச் சரியாகப் பேசுகிறார். அன்றிலிருந்து பதினோராம் நாள் அவர் கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. அந்தப் பதிவு நமக்குக் கிடைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

"சாக்ஸபோன்" என்று சொல்பவர்களை, அதே தட்டில் வாசித்த ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' நோக்கி அழைத்துப் போவேன். 1964 டிசம்பர் 9 அன்று, எங்கள் மாநிலத்தின் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் ஊரில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவாயிற்று. தட்டோடு வரும் தாள்களில் கோல்ட்ரேன் எழுதிய இறைவேண்டல் கவிதை ஒன்று அச்சாகியிருக்கிறது. நான்காம் பகுதியான 'சாம்' (இறைப்பாடல் என்று பொருள்) ஒலிக்கும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து வாருங்கள் என்பேன். சாக்ஸபோன் அந்தக் கவிதையைத்தான் அசை அசையாக வாசித்துக்கொண்டு போகிறது. இறைவனுக்கு நன்றி சொல்லும் வரி வரும் இடங்களில் வாத்தியம் கீழிறங்கி அமர்கிறது. சாகித்தியத்தை உள்வாங்கிக்கொண்டு நாகஸ்வரத்தில் கீர்த்தனை வாசிப்பவர்களைக் கேட்டு வளர்ந்த நம் காதுகளுக்கு இது உடனே புரியும். கைப்பேசியில் கேட்டாலும் தவறில்லை. ஆயினும் அந்தத் தாளையாவது ஒருமுறை இங்கே வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

தாளக் கணக்கில் பிரியம் உள்ளவர்களுக்கு டேவ் ப்ரூபெக் குழுவின் 'டைம் அவுட்' இருக்கிறது. பால் டெஸ்மண்ட் இயற்றிய 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் ஓடுவது. நம் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாகப் பிரியும்போது இது மூன்றும் இரண்டுமாகப் பிரிகிறது. கையில் தட்டிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

தமிழர்கள் யாராவது வந்தால் ஜான் கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். 1971இல் வெளிவந்த அந்தத் தொகுப்பின் பெயரில் இருப்பவர், கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த சுவாமி சச்சிதானந்தர்; ஆலிஸ் அவரைக் குருவாக ஏற்றிருந்தார். தம்புராவின் ரீங்காரத்தின் மேல் ஆலிஸின் ஹார்ப் என்ற யாழ் போன்ற வாத்தியமும், ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோனும் எழுகின்றன.

நூலகத்துக்கும் ஜாஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 2005இல் நடந்த ஒரு செய்தி. 1957இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கும் ஜான் கோல்ட்ரேனும் ஒரே குழுவில் சில மாதங்கள் சேர்ந்து வாசித்தார்கள். ஆனால் அந்தக் கூட்டுறவுக்குச் சான்றாக மிகச் சொற்பமான பதிவுகளே இருந்தன. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியின் பழைய நாடாக்களை டிஜிட்டல் வடிவுக்கு மாற்றும் பணி நடந்துகொண்டிருந்தபோது, அங்கே பணியாற்றிய லாரி ஆப்பில்பாம் கார்னகி அரங்கக் கச்சேரி ஒன்றின் நாடாக்களைக் கண்டெடுத்தார். அவற்றில் இருந்தது 1957 நவம்பர் 29 அன்று மங்க்கும் கோல்ட்ரேனும் வாசித்த கச்சேரி. ஏறக்குறைய அரை நூற்றாண்டு பெட்டிக்குள் கிடந்த அந்த இசையை ப்ளூ நோட் நிறுவனம் 2005இலேயே வெளியிட்டது. பெட்டியைத் திறந்து, அதில் இருப்பது யார் என்று காதால் அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் இருந்தார். நூலகப் பணியில் நான் மிகவும் மதிக்கும் திறமை அதுவே.

அந்தத் தட்டில் முதலில் வரும் 'மங்க்ஸ் மூட்' உருப்படியைக் கேளுங்கள். பெரும்பகுதி பியானோவும் சாக்ஸபோனும் மட்டும் பேசிக்கொள்வதுபோல் இருக்கும். கேட்டபின் அட்டையைத் திருப்பினால், பாஸ் வாசித்தவர் அகமது அப்துல் மாலிக் என்று இருக்கும். அவர் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியத்தையும் வாசித்தவர். 'ஜாஸ் சஹாரா' என்று 1958இல் தனியே ஒரு தொகுப்பும் பதிவு செய்திருக்கிறார். எங்கள் அலமாரியில் இல்லாவிட்டாலும் வேறு நூலகத்தில் தேடி வரவழைத்துத் தர முயல்வேன், கேளுங்கள்.