எண்ணைத் திருத்திய பிரஷ்

மௌனப் படங்களைத் திரையிடும் வேலையில், அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' (1920) ஒரு நல்ல பரீட்சை. புதுமணத் தம்பதிக்குப் பரிசாக ஒரு வீடு பெட்டி பெட்டியாக வருகிறது. எண் வரிசைப்படி பிரித்துப் பூட்ட வேண்டும். மணப்பெண் வேண்டாமென்று ஒதுக்கிய ஹேங்க், பெயின்ட் பிரஷ்ஷால் பெட்டிகளின் எண்களைத் திருத்திவிடுகிறான். காதல் போட்டியின் வஞ்சம் முழுவதும் அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது. அதைத் தவறவிடுபவருக்கு மணமகனாக வரும் கீட்டன் வெறும் அசடனாகத் தெரிவார். பார்த்தவருக்கோ, கொடுத்த குறிப்பை ஒழுங்காகப் பின்பற்றி ஏமாறும் மனிதர். சிரிப்பே வேறு.

அந்த எண் கண்ணில் படாமல் போவதற்கு முதல் காரணம், ப்ரொஜெக்டரில் ஃபிலிம் ஒளியைக் கடக்கும் இடமான கேட்டில் இருக்கும் மாஸ்க், அதாவது திரையில் விழும் படத்தின் எல்லையை வெட்டும் தகடு. மௌனப் படத்தின் ஃபிலிமில் ஓரமாக ஓடும் ஒலித்தடம் கிடையாது. படம் இரு ஓரத்துத் துளைகளுக்கு இடையிலுள்ள முழு அகலத்தையும் பிடிக்கும். பேசும்படத்து மாஸ்க்கோடு ஓட்டினால் ஒரு பக்கம் வெட்டுப்படும், மேலும் கீழும் குறையும். மாஸ்க்கை மட்டும் மாற்றினால் போதாது. ஃபிரேமின் (ஃபிலிமிலுள்ள ஒவ்வொரு தனிப் படத்தின்) மையமே நகர்ந்திருப்பதால் லென்ஸையும் பக்கவாட்டில் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். பிரதிக்குப் பிரதி எடுத்த பிரிண்டில் வெள்ளைப் பகுதி வெளிறி எண்கள் கரைந்துபோவதும் உண்டு. அதற்கு ப்ரொஜெக்டர் ஓடும் கேபினில் மருந்தில்லை, வேறு பிரிண்ட்தான் தேட வேண்டும்.

அடுத்தது வேகம். 35 மி.மீ. படச்சுருளில் அடிக்கு 16 ஃபிரேம். இந்தப் படத்தின் இரண்டு ரீலும் சேர்ந்து 2,000 அடி என்று வைத்தால், விநாடிக்கு 24 ஃபிரேமில் 22 நிமிடம், 20-இல் கிட்டத்தட்ட 27, 16-இல் 33. மௌனப் படமென்றால் 16 என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பது பெரிய தவறு. 1920-களின் நகைச்சுவைப் படங்களை அந்த வேகத்தில் ஓட்டினால் விழுபவர் தண்ணீருக்குள் விழுவதுபோல் இருக்கும். நடையைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யலாம்: கால் தரையில் பாரத்தோடு பதிய வேண்டும். பலர் பார்க்க மறப்பது, சுழன்று ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் ஷட்டரை. இரண்டு இதழ் ஷட்டர் 24-க்குச் சரி. 16-க்கு மூன்று இதழ் இல்லாவிட்டால் திரை துடிக்கும்.

டிஜிட்டலில் விநாடிக்கு 20 ஃபிரேமை 24 ஆக்க ஐந்தில் ஒரு ஃபிரேமை இருமுறை காட்டுவார்கள். பேசும் முகங்களில் இது தெரியாது. புயலில் வீடு பம்பரமாகச் சுழலும் காட்சியில் நன்றாகவே தெரியும். உண்மையான வீட்டைச் சுழல்மேடைமேல் கட்டிச் சுற்றவைத்த உழைப்பு, தட்டித் தட்டி நகர்ந்து வீணாகிறது.

படத்தோடு அரங்கிலேயே பியானோ வாசிக்கும் இசைக்காரரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடைசியில் வீடு தண்டவாளத்தில் சிக்கும். வரும் ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடும். தம்பதி மூச்சுவிடும்போதே எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டை நொறுக்கும். முதல் ரயில் போனதும் பியானோ நிஜமாகவே ஆறுதலடைய வேண்டும். வரப்போவது தெரிந்த விரல்கள் ஒரு தாழ்ந்த சுரத்தைத் தொட்டாலும் போதும், அரங்கம் உஷாராகிவிடும்.