புது விறகடுப்பும் கணவாய்க் காற்றும்

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய ஊர் எங்களுடையது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, வைகாசிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரை எங்கள் ஓட்டுக் கூரை மேலும் ஓயாமல் அடிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் புகைக்குழல் வைத்த விறகடுப்பைப் பொருத்துவது எவ்வளவு பாடு என்பதை இந்த ஆண்டு தெரிந்துகொண்டேன். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

தோப்பில் தேங்காய்க் கதம்பையும் சிரட்டையும் மட்டையும் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. குளிக்க வெந்நீர் போடவும், கிழங்கு அவிக்கவும், மண்சட்டியில் மீன்குழம்பு வைக்கவும் காஸைச் செலவழிக்க மனம் வரவில்லை. ஆனால் பழைய திறந்த அடுப்பின் புகை மாமியாருக்கு ஆகாது. அவருக்கு இழுப்பு உண்டு. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருப்பதைப் படித்த பிறகு, இனி அந்த அடுப்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். புகையைக் குழல் வழியாக வெளியேற்றும் இரண்டு வாய் இரும்படுப்பு ஒன்றை நாகர்கோவில் கடையொன்றில் பதிவு செய்தோம். பாதித் தொகை முன்பணம், மீதி பொருத்தி எரியவிட்டுப் பார்த்த பிறகு என்று ரசீதிலேயே எழுதி வாங்கினேன். பின்னால் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

பெட்டியைப் பிரித்ததுமே குறைகள் கண்ணில் பட்டன. தீ எரியும் அறைக்குள் பதிக்கிற சுடுமண் பலகைகளில் ஒன்று குறுக்காகப் பிளந்திருந்தது. மேலோட்டமான கீறலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இது மறுபக்கம் வரை போன வெடிப்பு. தீ அதன் வழியே வெளித்தகட்டைத் தொட்டால் தகடு நாளடைவில் வளைந்துவிடும். “களிமண் பூசினால் சரியாகிவிடும் அக்கா” என்றார் பொருத்த வந்த பையன். பலகையைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்பி, மாற்றித் தந்தால்தான் மேலே வேலை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது கதவு. ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் பிடித்தது, கீழ்ப்பக்கம் தடையே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. அந்த இடைவெளி வழியாகக் காற்று புகுந்தால் தீயை நம் விருப்பத்துக்கு அடக்க முடியாது, விறகும் வீணாகும். விறகைத் தாங்குகிற வார்ப்பிரும்புக் கம்பித் தட்டையும் தலைகீழாக வைத்திருந்தார்கள். அதன் கம்பிகள் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் சாம்பல் சிக்காமல் விழும். அதைத் திருப்பி வைப்பது ஒரு நொடி வேலை.

உண்மையான தொல்லை குழலில் இருந்தது. அடுப்பின் கழுத்தும் குழலும் நான்கு அங்குலம் என்றே எழுதியிருந்தார்கள். ஆனால் அளவுகள் உண்மையில் ஒத்துப்போகவில்லை. சேர்த்தபோது சுற்றிலும் விரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி. அதில் சாதாரண சிமெண்டைக் குழைத்து அப்பினார்கள். சூடேறியதும் அது வெடித்து உதிர்ந்தது. அடுப்பை ஒட்டிய முதல் துண்டோ துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழல். துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தீயின் வாயருகே அந்தப் பூச்சு நிற்காது. அங்கே கறுப்பு இரும்புத் தகடோ எவர்சில்வரோதான் வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது இன்னொன்றைப் பார்த்துத்தான். கூரையைத் துளைத்துப் போகும் ஒற்றைத் தகட்டுக் குழல், கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டமான பனங்கையிலிருந்து ஒரு சாண் கூடத் தள்ளி இல்லை. நாள்தோறும் சூடேறிக் காய்கிற மரம் பிறகு குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். இது புகை பற்றிய பிரச்சினை அல்ல, வீடு பற்றிய பிரச்சினை. ஒன்றரை அடி தள்ளித் துளையிட வைத்தேன். துளையைச் சுற்றித் தகடு அடித்து மழைநீரைத் தடுத்துக் கொடுத்தவர் எங்கள் ஊர்க் கொத்தனார்.

முதல் தீ மூட்டியபோது அடுக்களை முழுவதும் புகை. “புது அடுப்பு முதல் நாள் புகையத்தான் செய்யும்” என்றார் பையன். “பெயிண்ட் காயும் நாற்றம் வேறு, விறகுப் புகை வேறு, தம்பி” என்று சொல்லி, ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் காட்டினேன். குழல் புகையை மேலே இழுக்கும் இழுவை சரியாக இருந்தால் அதன் புகை இடுக்குக்குள் இழுக்கப்படும். இங்கே காற்று வேகமாக அடித்தபோதெல்லாம் அது வெளியே தள்ளப்பட்டது. குழலின் நுனி கூரை முகட்டுக்குக் கீழே நின்றதுதான் காரணம். முகட்டைத் தாண்டி வரும் காற்று மறுபக்கம் சுழன்று இறங்கிக் குழலுக்குள் அமுக்கியது.

நுனியை முகட்டுக்கு மேலே இரண்டடி உயர்த்திக் கம்பி கட்டி நிறுத்தினோம். கூம்புத் தொப்பியை எடுத்துவிட்டு, ஊர்ப் பட்டறையில் ‘டி’ வடிவத் தலை செய்து மாட்டினோம். அதன் இரண்டு வாயும் வடக்கு தெற்காக இருப்பதால் மேல்காற்று குறுக்கே போகும்போது புகையை உறிஞ்சி எடுக்கிறது. செங்குத்தாகத் திரும்பிய ஒரே எல்போ வளைவுக்குப் பதில் சாய்வான இரண்டு எல்போ வைத்தோம். புகை தடைபடுவதும் கரி அடைவதும் குறைந்தன.

பலகை, குழல் இரண்டையும் கடைக்காரர் மாற்றித் தந்தார், முணுமுணுத்துக்கொண்டேதான். இப்போது மாமியார் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். கதவின் கீழ் இடுக்குக்கான கயிற்று அடைப்பு மட்டும் இன்னும் வரவில்லை. அதற்குரிய தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டேன்.