பழைய பொலிரோவுக்கு டிரெய்லர் ஹிட்ச்

உவரி, கூடங்குளம் பக்கம் ஓடின வண்டியா? ஹிட்ச், அதாவது டிரெய்லரை இழுக்கப் பின்னால மாட்டுற கொக்கி, அதோட கிட் வாங்குறதுக்கு முன்னாடி சேசிஸைச் சின்னச் சுத்தியலால தட்டிப் பாருங்க. நல்ல இரும்பு கணீர்னு கேக்கும். உப்புக்காத்து உள்ள அரிச்சிருந்தா பொத்துன்னு கேக்கும். அதுல ஹிட்ச் வேண்டவே வேண்டாம்.

பம்பர்ல மட்டும் மாட்டுறது வெறும் அலங்காரம். சேசிஸோட ரெண்டு சட்டத்துலயும் உக்காரணும். 8.8 கிரேடுக்கு (போல்ட்டோட பலத்தைச் சொல்ற எண்) குறைஞ்ச போல்ட் ஆகாது. ஓட்டை பக்கவாட்டுத் தகட்டுல மட்டும். மேல், கீழ் விளிம்புல துளைச்சா விரிசல் அங்கேயே ஆரம்பிக்கும். நாலு பக்கமும் மூடின பெட்டிச் சட்டமா இருந்தா போல்ட்டைச் சுத்தி உள்ள குழாய் ஸ்பேசர் வைக்கணும். இல்லேன்னா முறுக்க முறுக்கத் தகடு உள்வாங்கும், போல்ட் லூசாகும். பட்டறையில அவசரத்துல விட்டுடுறது இதைத்தான், பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்க. துளை ஓரத்துல துரு பிடிக்காம இருக்க ஜிங்க் பிரைமர் அடிங்க. கிட் தாள்ல உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கி, 100 கி.மீ. ஓடினதும் மறுபடி ரெஞ்ச் போடுங்க.

டிரெய்லர் விளக்குக்கான ஏழு பின் சாக்கெட்டுல மூணாவது பின், வெள்ளை வயர், எர்த். அதை மாட்டுற இடத்துல பெயிண்ட்டைச் சுரண்டிட்டு மாட்டலேன்னா பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரும் மினுங்கும். இண்டிகேட்டரை மினுக்க வைக்கிற பழைய பிளாஷர், டிரெய்லரோட கூடுதல் 21 வாட் பல்பைத் தாங்காது, அதையும் மாத்திடுங்க.