மார்கோ குர்யானைக் கேட்டதுண்டா?

ஜாஸ் படித்த நியூயார்க் பாடகி, பாட்டும் எழுதுவார். பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் 'காட் ஒன்லி நோஸ்' பாட்டு காதில் விழுந்த பிறகுதான் பாப் பக்கம் திரும்பினார். 1968இல் 'டேக் எ பிக்சர்' ஆல்பம். அதில் 'சம்ஒன் ஐ நோ' பாட்டை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ரகசியம் சொல்வது போன்ற குரல். அவரே இன்னொரு முறை பாடி அதன்மேல் சேர்த்திருக்கிறார். கூடவே ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் (Bach) பழைய மெட்டு ஒன்று அலட்டிக்கொள்ளாமல் நடந்து வருகிறது. இரண்டும் எங்கேயும் முட்டிக்கொள்ளவில்லை! குரலை உயர்த்திக் கைதட்டு வாங்கும் வேலையே கிடையாது.

ஊர் ஊராகப் போய்ப் பாட மாட்டேன் என்றார். ரெக்கார்டு கம்பெனி விளம்பரத்தை நிறுத்தியது, ஆல்பம் அமுங்கிப்போனது. 2000இல் மறுவெளியீடு வந்துதான் பலருக்குப் பெயரே தெரிந்தது. (அவர் எழுதி மற்றவர்கள் பாடியவை மட்டும் ஹிட், என்ன நியாயமோ!)

கடைசிப் பாட்டு 'லவ்' கொஞ்சம் கிறுக்குத்தனமானது. அதைச் சத்தமாக வைத்துக் கேளுங்கள்.