எலும்பு, கிட்னி, சாளைக்கறி

முதுமை பற்றிய ஆராய்ச்சி என்றாலே வாட்ஸ்அப்பில் நூறு வயது தாத்தா, ஜப்பான் கிராமம், பச்சைத் தேநீர் என்றுதான் வந்து விழுகிறது. எனக்குப் பிடித்த கதையும் ஜப்பான் கதைதான், ஆனால் அதில் தாத்தா கிடையாது, சுண்டெலிதான்.

மகோட்டோ குரோ-ஓ என்ற விஞ்ஞானி ரத்தக்கொதிப்பை ஆராய்வதற்காக எலிகளுக்குள் ஒரு மரபணுவைச் செருகினார். அது போய் விழுந்த இடத்தில், அதுவரை யாருக்கும் தெரியாத வேறொரு மரபணு கெட்டுப்போனது. அப்பன் வழி, அம்மை வழி இரண்டும் கெட்டுப் பிறந்த குட்டிகள் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தன. அப்புறம் வளர்ச்சி நின்று, எலும்பு மெலிந்து, தோல் சுருங்கி, ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து, இரண்டே மாதத்தில் செத்தன. சாதாரண எலி இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும். கொதிப்பைப் பார்க்கப் போனவர் அந்த மரபணுவின் பின்னால் போனார், 1997-ல் கட்டுரை வந்தது, ஆயுள் நூலை நூற்கும் கிரேக்கத் தேவதையான குளோத்தோவின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2005-ல் அதே மரபணுவைக் கூடுதலாக வேலைசெய்ய வைத்த எலிகள் சுமார் 20 முதல் 30 சதவீதம் அதிக நாள் வாழ்ந்தன. பத்திரிகைகள் இதைத்தான் பிடித்துக்கொண்டன.

எனக்கு ஆயுளைவிட எலும்புதான் ஆச்சரியம். குளோத்தோ முக்கியமாக வேலை செய்வது சிறுநீரகத்தில். அங்கே ஒன்று கெட்டால் எலும்பு ஏன் உளுத்துப்போக வேண்டும்?

விடை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. எலும்பில் இருக்கும் செல்கள் எஃப்ஜிஎஃப்-23 என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது ரத்தம் வழியாகச் சிறுநீரகத்துக்குப் போய், பாஸ்பேட் அதிகம் இருக்கிறது, மூத்திரத்தில் தள்ளு, வீரியமுள்ள வைட்டமின் டியையும் குறை என்று சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் எலும்பை வெறும் தூண் மாதிரிதானே படித்தோம், அது சுரப்பியும்கூட. இந்த ஹார்மோன் இல்லாத எலிகளும் குளோத்தோ இல்லாத எலிகளும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. 2006-ல் காரணம் தெரிந்தது: குளோத்தோ புரதம் கூட நின்றால்தான் சிறுநீரகம் அந்த ஹார்மோனைப் பிடிக்க முடியும். இல்லையென்றால் பாஸ்பேட் தேங்குகிறது, டி எல்லை மீறுகிறது, ரத்தக்குழாயில் சுண்ணாம்பு ஏறுகிறது. அந்த எலிகளுக்குப் பாஸ்பேட் குறைந்த தீனி கொடுத்தபோது முதுமை என்று நினைத்த பல அறிகுறிகள் விலகின!

தக்கலையில் இருக்கும் என் மாமாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சிறுநீரகம் கெட்டதால் அவருக்கும் பாஸ்பேட் தேங்குகிறது. சோற்றோடு சேர்த்து விழுங்கவேண்டிய ஒரு மாத்திரையை அவர் ராத்திரி படுக்கும்போது போட்டுக்கொண்டிருந்தார், சோறு எதற்கு என்று யாரும் விளக்கவில்லை. சாப்பாட்டில் இருக்கிற பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து வைப்பதுதான் அதன் வேலை, வெறும் வயிற்றில் அது எதைப் பிடிக்கும்? அதைச் சொன்னபோது அவர் கேட்டது வேறு. “எலும்புக்கு நல்லதுன்னுதானே மக்களே சாளையை முள்ளோட சவைச்சுத் தின்னேன், இப்ப அதையும் வேண்டாம்னு சொல்லுதியா?” மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைக்கறியும் இல்லாத வாழ்க்கை அவருக்கு வாழ்க்கையே இல்லை. சாளையிலும் பாஸ்பேட் உண்டு, அளவை டாக்டர்தான் சொல்லணும். ஆனால் பாட்டில் கோலாவிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கிற பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுசாக ரத்தத்தில் ஏறும், பயறில் இருப்பது அவ்வளவு ஏறாது. முதலில் நிறுத்தவேண்டியது பேக்கரியில் வாங்கும் கோலாவைத்தான், அதை அவர் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை.

என் பெரியம்மை (பெரியம்மா) கதை வேறு. முற்றத்தில் லேசாக வழுக்கி அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. நம்ம ஊரில் நாட்டு வைத்தியரான ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுக் கட்டுவதுதானே வழக்கம், கட்டினார், எலும்பு கூடவும் செய்தது. ஆனால் அவ்வளவு சின்ன வழுக்கலுக்கு ஏன் முறிந்தது என்பதைக் கட்டு சொல்லாது, அதற்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும். அடர்த்தியை இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் (T-score) -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புத் தேய்மானம் (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று கணக்கு. ஓலைக்கூரை மாதிரி எலும்பிலும் பழையதைப் பிரிப்பதும் புதியதை வேய்வதும் ஓயாமல் நடக்கிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்ததும் பிரிப்பது வேகமெடுக்கிறது, வேய்கிற கை பின்தங்குகிறது. இந்தத் தொடர்பை ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1941-லேயே எழுதிவிட்டார். பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் ஒதுங்க வேண்டாம். ஈஸ்ட்ரோஜனை உணரவே முடியாத மரபணுக் கோளாறுள்ள ஒரு 28 வயது ஆணைப் பற்றி 1994-ல் அறிக்கை வந்தது. உயரம் 204 சென்டிமீட்டர், எலும்பின் வளர்முனைகள் மூடவே இல்லை, எலும்போ மெலிசு.

மனிதருக்கான குளோத்தோ மருந்து இன்னும் வரவில்லை, அதற்குள் இணையத்தில் குளோத்தோவைக் கூட்டும் பொடி விற்கிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை, வீட்டு அலமாரியில் இருக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி3 பாக்கெட். சத்துதானே என்று பெரியம்மை வாரா வாரம் பாலில் கலக்கிக் குடித்துக்கொண்டே இருந்தாள். வைட்டமின் டி உடம்புக்குள் ஹார்மோனாக மாறுகிற சரக்கு, மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சரி, டாக்டர் சீட்டைத் தேடுவோம் என்று பழைய பையைக் கொட்டிப் பார்த்தோம். எட்டு வாரம் என்று எழுதியிருந்தது, தேதி போன வருஷத்தது. பாக்கெட்டை நிறுத்தியாச்சு, இந்த வாரம் ரத்தத்தில் கால்சியமும் டியும் பார்க்கப் போகிறோம்.